ஒரு நாற்காலிக் கடைக்கு நான்கு ஜெனரேட்டர்கள்

சரிங்கண்ணனுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது சலூன் உரிமத்தில் இருக்கிறது. உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். அதன்மேல் காலண்டர் தொங்குவதால் அந்தப் பெயரை இதுவரை ஒருவரைத் தவிர யாரும் படித்ததில்லை. தெரு முழுக்க அவர் சரிங்கண்ணன்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துணி கட்டிக்கொண்டவர் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல். ஒருவர் பூமி தட்டை என்றார். "சரிங்க." அடுத்து உட்கார்ந்தவர் உருண்டை என்றார். "சரிங்க." ஒருநாள் ஒருவர் சவரம் முடியும்வரை தன் தம்பியைத் திட்டிவிட்டுப் போனார். அரை மணி கழித்து அந்தத் தம்பி வந்து உட்கார்ந்து அண்ணனைத் திட்டினார். இருவருக்கும் ஒரே சரிங்கதான், ஒரே படிகாரக் கல்தான்.

இதைப் பயம் என்று நினைத்துவிடக் கூடாது. இது தொழில்முறை. சொந்தக் கடை போடும் முன் அவர் பதினோரு கடைகளில் கூலிக்கு நின்றவர். சீப்பு பிடிப்பதில் பதினோரு முதலாளிகளும் பதினோரு விதம். ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: கத்தி வைத்திருக்கிறவன் எதிர்த்துப் பேசக் கூடாது. எதிர்த்துப் பேசினால் உட்கார்ந்திருப்பவர் வெடுக்கென்று தலையைத் திருப்புவார். அப்புறம் காது இருந்த இடத்தில் காது இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சரிங்கண்ணன் கையில் இருபத்திரண்டு வருடமாக ஒரு காதுக்கும் சேதமில்லை.

இருக்கிற சரிங்க எல்லாம் கடையிலேயே தீர்ந்துவிடுமோ என்னவோ, வீட்டுக்கு வரும்போது ஒன்றும் மிச்சம் இருக்காது. வீட்டில் அவருடைய சொல் "பாக்கலாம்." சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றால் பாக்கலாம். அலமாரிக் கதவு கழன்று தொங்குகிறது என்றால் பாக்கலாம். அவர் மனைவி வீடு வீடாகப் போய் மின் மீட்டரைப் பார்த்துக் குறித்து வருகிற வேலையில் இருப்பவர். எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டார். அந்தக் குழாய் நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு என்பது எட்டு வருடமாக அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட மனிதர் ஜெனரேட்டர் தேட நேர்ந்ததற்குக் காரணம் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டின் வலது பக்கத் தலை.

இடது பக்கம் முடித்து, மெஷினை வலது பக்கம் கொண்டுபோகும்போது மின்சாரம் போனது. சரிங்கண்ணனின் கடை ரயில் பெட்டி மாதிரி, அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். நாற்காலி இருப்பது கடைசிக் கோடியில். விளக்கு அணைந்தால் பட்டப்பகலிலும் அங்கே கண்ணாடி இருப்பதே தெரியாது. கத்தரியை எடுத்தாலும் பயனில்லை. சார்ஜில் ஓடுகிற சின்ன மெஷின் ஒன்று இருந்தது. அது இரண்டு தலைக்கு மேல் தாங்காது, அன்றைக்கு அந்த இரண்டும் காலையிலேயே முடிந்திருந்தது. ஏஜெண்ட் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதைக் கழற்றாமலே மூன்று வீடுகளில் உட்கார்ந்து ஆயுள் காப்பீட்டைப் பற்றிப் பேசினாராம். மூன்று வீட்டிலும் உடனே கையெழுத்துப் போட்டார்களாம். ஆனாலும் அவர் திரும்பி வரவில்லை. தெருமுனையில் புதிதாக வந்திருக்கும் ஏசி சலூனுக்குப் போய்விட்டார். அவரோடு அவருடைய வாடிக்கையாளர்களும் போனார்கள். மின்சாரம் போகப் போக, ஆட்களும் போனார்கள்.

கடை ஆட்டம் கண்டிருந்த அந்த நேரத்தில்தான் காவலாளி நிறுவனத்து மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்தாலும் நிற்கிற மாதிரியே தெரிகிற ஆள்.

"என்கிட்ட என்னையும் சேத்து இருபத்தாறு பேர். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அடையாள அட்டைக்குப் போட்டோ. அத்தனை தலையும் மெஷின்ல மூணாம் நம்பர் வெட்டு. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கணும். நல்லா வந்தா மாசாமாசம் உன் கடைதான். இல்லன்னா முனையில இருக்கற ஏசி கடை. காலைல ஒம்பதுக்கு ஆரம்பிச்சா முடிச்சிடுவியா?"

"சரிங்க."

தலைக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒன்பதுக்கு ஆரம்பித்தால் இரண்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். சந்தோஷமாக வாசலுக்கு வந்தார் சரிங்கண்ணன். எதிர்க் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை, மின்கம்பிப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது.

அன்று வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அந்த இருபத்தாறு தலை கிடைத்தால் கடை நிற்கும். கிடைக்காவிட்டால் கடையைக் காலி செய்துவிட்டு மச்சான் நடத்தும் சலூனில் போய் நிற்க வேண்டியதுதான். மச்சான் ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தார்: மூன்றாவது நாற்காலி, கழிவறைக் கதவை ஒட்டி.

மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "எங்கண்ணன்கிட்ட போய் நீங்க நின்னீங்கன்னா, அவன் சாகறவரைக்கும் என்னைப் பாத்துப் பல்லைக் காட்டிக்கிட்டே இருப்பான். அது மட்டும் நடக்கக் கூடாது. ஜெனரேட்டர் வாங்குங்க. ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்க மெஷினைத் திருப்பிப் பாருங்க. அடியில எத்தனை வாட்னு போட்டிருக்கும்."

"பாக்கலாம்," என்றார்.

மறுநாள் ஜெனரேட்டர் கடைக்குப் போனார். விற்பனையாளர் நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர்.

"வீட்டுக்கா, கடைக்கா?"

"கடைக்குங்க."

"லோடு எவ்வளவு வரும்?"

"இருபத்தாறு தலைங்க."

விற்பனையாளர் அதைக் கேட்காத மாதிரி விட்டுவிட்டு, வரிசையாக நின்ற ஜெனரேட்டர்களுக்கு நடுவே நடந்துகொண்டே விளக்கினார். என்னென்ன ஓட வேண்டும், ஒவ்வொன்றும் எத்தனை வாட், எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி மாதிரி உள்ளவை கிளம்பும்போது மட்டும் இரண்டு மூன்று மடங்கு இழுக்கும், அதற்கும் இடம் விட வேண்டும். சிறிதாக வாங்கினால் திணறும். பெரிதாக வாங்கினால் பெட்ரோலை வீணாகக் குடிக்கும். சரிங்கண்ணன் அத்தனைக்கும் தலையாட்டினார். ஆனால் ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. விற்பனையாளரின் இடது கிருதா வலதைவிட ஒரு நகக்கண் அளவு கீழே இறங்கியிருந்தது. கண் அதைவிட்டு நகர மறுத்தது.

"என்ன, புரிஞ்சுதா?"

"இடது கிருதா கொஞ்சம் இறங்கியிருக்குங்க," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நின்றுகொண்டு பேசுகிறவர் சொல்வது அவர் மண்டையில் ஏறாது. இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவர்கள் பேச்சை மட்டுமே கேட்டுப் பழகிய காது. ஆகவே இந்த விஷயத்தையும் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்பது என்று முடிவு செய்தார்.

முதலில் சிக்கியவர் வெல்டிங் பட்டறைக்காரர். "அஞ்சு கிலோவாட்டுக்குக் கொறஞ்சு வாங்கினா அது ஜெனரேட்டரே இல்லண்ணே, விளையாட்டுச் சாமான். என் பட்டறையில டீசல் ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு. யானை மாதிரி. புதன்கிழமை அனுப்பி வைக்கவா?"

"சரிங்க."

அடுத்தவர் ஓய்வு பெற்ற நூலகர். முப்பது வருடம் மற்றவர்களைப் பேசாதே என்று சொல்லிச் சொல்லி அவர் குரலே தேய்ந்து போயிருந்தது. "சத்தம்தாம்ப்பா முக்கியம். பட்டறைக்காரன் பேச்சைக் கேட்டுடாதே, காது போயிடும். என் மகன் ஒண்ணு வாங்கியிருக்கான். ஓடுதா இல்லையான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும். புதன்கிழமை கொண்டாந்து தரேன்."

"சரிங்க."

மைக்செட்காரர் மூன்றாவது. "புதுசெல்லாம் நம்பாதீங்கண்ணே. நம்ம வண்டி பதினஞ்சு வருஷமா ஓடுது. கயித்த மூணு தடவ இழுக்கணும், ஒரு ஒத விடணும், ரெண்டு கெட்ட வார்த்த சொல்லணும். கெளம்பிடும். எந்த வார்த்தைன்னு புதன்கிழமை நேர்ல வந்து சொல்லித் தரேன்."

"சரிங்க."

நான்காவது கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர். "பெட்ரோலும் வேணாம், டீசலும் வேணாம். கேஸ்ல ஓடற ஜெனரேட்டரே இருக்கு, தெரியுமா? சிலிண்டர மாட்டினா போதும், சமைக்கற மாதிரிதான். புதன்கிழமை எடுத்தாரவா?"

"சரிங்க."

நான்கு பேரும் ஒரு பைசா எதிர்பார்க்காமல், அடிமனத்திலிருந்து உதவ வந்தவர்கள். அதுதான் இதில் பெரிய சிக்கல்.

புதன்கிழமை மதியம் நான்கும் வந்து இறங்கின. டீசல் யானையை ஆறு பேர் வண்டியிலிருந்து இறக்கினார்கள். நூலகர் தன்னுடையதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தார். மைக்செட்காரருடையது கயிற்றால் கட்டிய ஒரு பழைய சங்கடம். அடுப்புக்காரர் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தார். கடைக்கு முன்னால் நடைபாதையில் அவை வரிசையாக நின்றபோது, முடிவெட்ட வந்தவைபோலவே இருந்தன.

"இதெல்லாம் என்ன?" என்றார் வெல்டிங்காரர் மற்ற மூன்றையும் பார்த்து.

"நான் கேக்க வேண்டியத நீங்க கேக்கறீங்க," என்றார் மைக்செட்காரர்.

நான்கு பேரும் சரிங்கண்ணனைப் பார்த்தார்கள். அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

யாருடையது நல்லது என்று பேசித் தீராது, ஓட்டிக் காட்டினால்தான் தீரும் என்று ஆனது. நான்கும் ஒரே நேரத்தில் கிளம்பின. மைக்செட்காரர் சொன்ன வார்த்தைகள் இரண்டோடு நிற்கவில்லை. டீசல் இயந்திரம் அதிர்ந்த அதிர்வில் எதிர்வரிசை ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. நடைபாதை கொஞ்சம் சரிவு. யானை அதிர்ந்து அதிர்ந்து, அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பக்கத்துத் தையல் கடைப் படியேறி, அளவு கொடுக்க வந்தவர் மாதிரி வாசலில் போய் நின்றது. நூலகர் தன்னுடையதன் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஓடுதுப்பா, ஓடுது, தொட்டுப் பாருங்க," என்று கத்தினார். முப்பது வருடத்தில் அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்தியும் பயனில்லை, யார் காதிலும் விழவில்லை.

இந்த இரைச்சலுக்கு நடுவில் வெல்டிங்காரருக்கு ஒரு விஷயம் உறைத்தது. விறுவிறுவென்று கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு சவரம். அண்ணே, என்னோடதுதான் எடுத்துக்கறீங்க?"

"சரிங்க."

"கேட்டீங்களா!" என்று வெளியே பார்த்துக் கூவினார்.

மற்ற மூவருக்கும் அப்போதுதான் விளங்கியது. நாற்காலி யாரிடமோ, முடிவும் அவரிடம். வெல்டிங்காரர் எழுந்ததும் மைக்செட்காரர் பாய்ந்து உட்கார்ந்தார். சவரம், "என்னோடதுதானே?", "சரிங்க." அவர் முகம் துடைத்து எழுந்ததும் அடுப்புக்காரர். அவருக்குப் பின் நூலகர், தலை ஏற்கெனவே வழுக்கை என்பதால் அவருக்கும் சவரம்தான். அப்புறம் மறுபடியும் வெல்டிங்காரர். கன்னத்தில் ஒரு ரோமம் இல்லாத நிலையில் இரண்டாம் தடவை சவரம். மூன்றாவது சுற்று வந்தபோது நான்கு பேர் முகமும் உரித்த முட்டை மாதிரி ஆகிவிட்டது. அடுப்புக்காரர் வேறு வழியில்லாமல் மீசையைக் கொடுத்தார். பதினெட்டு வருட மீசை. கண்ணாடியில் தன்னையே அடையாளம் தெரியாமல் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "என்னோடதுதானே?" என்றார்.

"சரிங்க," என்றார் சரிங்கண்ணன். அவருக்குக் கை சோர்ந்து போயிருந்தது. நாளைக்கு ஒன்பது மணிக்கு இருபத்தாறு பேர் வருவார்கள். நான்கு ஜெனரேட்டர்கள் இருந்தும் அவரிடம் ஒன்றும் இல்லை.

அந்த நேரத்தில் மீட்டர் பார்க்கும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மனைவி தெருவுக்குள் வந்தார். வழியில் நின்ற ஜெனரேட்டர்களையும், மழமழவென்றிருந்த நான்கு முகங்களையும் பார்த்தார். அடுத்த சவரத்துக்குத் தயாராக நின்ற நூலகரை, "கொஞ்சம் தள்ளுங்க சார்," என்று ஒதுக்கிவிட்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கொக்கியில் தொங்கிய துணியைத் தானே எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

சரிங்கண்ணன் விழித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அதிலும் இந்தப் பெண்.

"ஏய், நீ என்ன இங்க?"

"முடி வெட்டிக்கத்தான். நுனியில ஒரு விரலு எடுங்க. கத்தரி இருக்கா கையில?"

அவர் கை தானாகக் கத்தரியை எடுத்தது.

"இப்ப கேளுங்க. வீட்ல மூணு தடவ சொல்லியாச்சு. அந்த மெஷினைத் திருப்புங்க."

"சரிங்க," என்றார். மனைவியிடம் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவருக்கே காது கூசியது. மெஷினைத் திருப்பினார்.

"என்ன போட்டிருக்கு?"

"பன்னண்டு வாட்."

"கண்ணாடி விளக்கு ரெண்டு, ஒண்ணு பத்து. இருபது ஆச்சு. மேல ஓடற ஃபேன் எழுபது. கூட்டுங்க."

உதடு அசையக் கூட்டினார். "நூத்தி ரெண்டு."

"நூத்தி ரெண்டு வாட். வெல்டிங் அண்ணன் கொண்டாந்திருக்கறதுல நாப்பத்தொம்பது சலூன் நடத்தலாம். உங்ககிட்ட எத்தனை சலூன் இருக்கு?"

"ஒண்ணு."

"இருக்கறதுலயே சின்னது எதுவோ அது போதும். இப்பவே கடைக்குப் போயி அத வாங்கணும். அதுக்கு முன்னாடி இந்த நாலு பேர்கிட்டயும் வேண்டாம்னு நீங்க உங்க வாயால சொல்லணும். என்ன?"

கத்தரி காதோரம் நின்றது. அப்படிச் சொன்னால் நான்கு பேருக்குக் கொடுத்த சரிங்க போய்விடும். சொல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய சரிங்க போய்விடும். கண்ணாடியில் மனைவி முகம் அசையாமல் இருந்தது. தலையைத் திருப்பக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"சரிங்க," என்றார்.

வெளியே வந்தார். கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டார். நான்கு பேரையும் நடைபாதையில் நிற்க வைத்து, தானும் நின்றுகொண்டு, வெறுங்கையோடு, ஒவ்வொருவராக முகம் பார்த்து, "வேண்டாங்க," என்றார். நான்கு தடவை. நான்காவது தடவை கொஞ்சம் சுலபமாகவே வந்தது. யாரும் தலையைத் திருப்பவில்லை. அடுப்புக்காரர் மட்டும் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு, "முதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே," என்றார்.

ஜெனரேட்டர் கடையில் விற்பனையாளர் அவரை மறந்திருக்கவில்லை. நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று கிருதாவை அளந்துகொண்டிருந்திருக்கிறார். விற்பனையாளரை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து இடது கிருதாவைச் சரி செய்தபடியே அவர் சொன்னதைக் கேட்டார் சரிங்கண்ணன். இந்தத் தடவை ஒரு சொல்லும் தவறவில்லை. பேட்டரிப் பெட்டியும் இருக்கிறது, ஆனால் இங்கே இருப்பது நாலரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இந்தச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் எழுநூறு வாட், பன்னிரண்டு கிலோ, ஒரு கையால் தூக்கலாம். பெட்ரோல் ஊற்றும்போது அணைத்துவிட்டு ஆறவிட வேண்டும். நனையக் கூடாது. கடைசியாக அவர் ஸ்டூலிலிருந்து நேராகப் பார்த்துச் சொன்னார்:

"எது எப்படியோ, இத உள்ள மட்டும் வச்சிடாதீங்க. வெளிய, கதவுலருந்து நல்லாத் தள்ளி, புகைக்குழாய் தெருவப் பாத்து இருக்கணும். அந்தப் புகையில இருக்கற விஷத்துக்கு நெறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும். அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க."

"சரிங்க."

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது. ஒன்பது மணி ஒரு நிமிடத்துக்கு முதல் காவலாளி நாற்காலியில் இருந்தார். நீளக் கம்பியின் மறுமுனையில், நடைபாதை ஓரத்தில், கைப்பெட்டி அளவு ஜெனரேட்டர் ஒன்று சீராக முணுமுணுத்தது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தலை வெளியே வந்தது. வந்தவர்கள் தையல் கடை ஓரம் வரிசையாக நின்றார்கள். பத்துத் தலைக்கு மேல் ஆனபோது முதலில் நிற்பவர் யார், கடைசியில் நிற்பவர் யார் என்று தெரியவில்லை. பதினேழு தலை முடிந்தது. நடுவில் பெட்ரோல் ஊற்றி, ஆறவிட்டு, கிளப்பியாயிற்று. பதினெட்டாவதாக மேற்பார்வையாளர் உட்கார்ந்தார். அவருக்கு இடது பக்கம் முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

மேற்பார்வையாளர் கண்ணாடியில் மழையைப் பார்த்தார். "டேய், ரெண்டு பேர் போயி அந்த ஜெனரேட்டர உள்ள தூக்கிட்டு வாங்கடா. நனையுது." பிறகு சரிங்கண்ணனிடம், "இப்படி ஓரமா வச்சிக்கலாம். நீ வேலையப் பாரு."

நாற்காலியில் இருப்பவர் சொல்லிவிட்டார். சரிங்கண்ணனின் வாய் திறந்தது. 'சரி' வரை வந்தது, உதட்டுக்கு உட்பக்கம். கடைக்குள் பெஞ்சில் எட்டுப் பேர். ஜன்னல் இல்லாத ரயில் பெட்டி.

மெஷினை அணைத்தார். அதை அலமாரியில் வைத்தார். சீப்பை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முடியாதுங்க."

பெஞ்சில் இருந்த எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"என்ன சொன்னே?"

"உள்ள வரக் கூடாதுங்க. அந்தப் புகையில இருக்கற விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரி வெட்டிக்கிட்டு ஒரே மாதிரி படுத்துடுவீங்க."

"மழையில அணைஞ்சா நாலு மணிக்குப் போட்டோ எப்படிறா எடுப்பேன்?"

"அணைஞ்சா அணையட்டுங்க. உள்ள வராது."

மேற்பார்வையாளர் துணியைப் பிய்த்து எறிந்தார். "எழுந்திருங்கடா எல்லாரும். ஏசி கடைக்குப் போறோம்." இடது பக்கம் மூணாம் நம்பரும் வலது பக்கம் அடர்த்தியுமாக மழையில் இறங்கி நடந்தார். எட்டுப் பேரும் பின்னால் போனார்கள்.

சரிங்கண்ணன் வெளியே வந்து ஜெனரேட்டரை அணைத்தார். தன் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். கழிவறைக் கதவை ஒட்டிய மூன்றாவது நாற்காலி அவர் கண்முன்னே வந்து நின்றது. பல்லைக் காட்டும் மச்சானும் வந்தார். அதையெல்லாம் நினைத்தும், சொன்னதைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஒன்பது பேரும் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். ஏசி சலூன் மூடிக் கிடந்தது. அவர்களும் ஒரு ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் யாரும் எதையும் கூட்டிப் பார்க்கவில்லை. நான்கு ஏசியையும் ஒரே நேரத்தில் போட்டதும் அது விக்கலெடுத்து நின்றுவிட்டதாம்.

மேற்பார்வையாளர் வாசலில் நின்றார். பாதித் தலையில் தண்ணீர் வழிந்தது. சட்டையில்லாமல் நின்ற சரிங்கண்ணனையும், சட்டை போட்டுக்கொண்டு நின்ற ஜெனரேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிப்பா. சொல்லு. என்ன செய்யணும்?"

"மேல நனையக் கூடாதுங்க. ஆனா சுத்தி காத்து போகணும். புகைக்குழாய் பக்கம் யாரும் நிக்கக் கூடாது."

மேற்பார்வையாளரின் முகம் தெளிந்தது. இது அவருக்குத் தெரிந்த வேலை. தையல் கடை ஓரம் நின்ற பதினேழு பேரைப் பார்த்து, "குடை இருக்கறவங்க முன்னால வா!" என்று முழங்கினார். மூன்று பக்கமும் மூன்று பேர், கை உயர்த்திப் பிடித்த குடைகளோடு, முகம் வெளியே பார்த்து நிற்க வேண்டும். புகைக்குழாய்ப் பக்கம் திறந்த வெளி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். மாறும்போது சல்யூட்.

ஈரத்தைத் துடைத்து, கயிற்றை இழுத்ததும் ஜெனரேட்டர் கிளம்பியது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது. ஒரே முடிவெட்டுள்ள மூன்று காவலாளிகள் குடை பிடித்துக் காப்பது என்னவாக இருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். தங்கம் என்றார் ஒருவர். வெல்டிங்காரர் கூட்டத்தில் நின்று, "சலூன் மெஷின் ஓடுதுங்க. நூத்தி ரெண்டு வாட்," என்று விளக்கினார். யாரும் நம்பவில்லை.

மேற்பார்வையாளர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். சரிங்கண்ணன் துணியை உதறிக் கட்டினார்.

"வலது பக்கம்," என்றார் மேற்பார்வையாளர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சரிங்க."

மூன்று மணி இருபதுக்குக் கடைசித் தலை முடிந்தது. நாலு மணிக்குப் போட்டோ. போட்டோக்காரர் இருபத்தாறு படத்தில் எது யாருடையது என்று குழம்பி, நெஞ்சில் எண் ஒட்டச் சொன்னாராம். போகும் முன் மேற்பார்வையாளர் காலண்டரைத் தூக்கி அடுத்த மாதத் தேதியில் பேனாவால் வட்டம் போட்டார். அப்போது அடியில் இருந்த உரிமம் தெரிந்தது. பெயரைப் படித்தார், தலையை ஆட்டினார், காலண்டரைப் பழையபடி தொங்கவிட்டார்.

வீட்டில் நடந்ததையெல்லாம் சரிங்கண்ணன் சொல்லச் சொல்ல மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் எழுந்துபோய்ச் சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டைக் கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

"குழாய் சொட்டுது," என்றார்.

சரிங்கண்ணன் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு ஸ்பானரைத் தேடிப் போனார். ஒரு மணி நேரம் அடியில் படுத்துக்கிடந்து முறுக்கினார். அவர் எழுந்ததும் மனைவி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். நிமிடத்துக்குப் பதினாறு சொட்டு இப்போது மூன்றாகியிருந்தது. அந்த மூன்றுக்கு மட்டும் சரிங்கண்ணன் இன்னும் பாக்கலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.